யாருடைய வெப்பநிலை அது?

பொன்முடி,
ஆவணி

அன்பு மகள் சுபாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய நீளமான மெயிலை நாகர்கோவிலில் வைத்து மேலோட்டமாகத்தான் படித்தேன். இங்கே மலைக்கு வந்த பிறகு, மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம், நீ இணைத்திருந்த கிராஃப்களோடு உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன். நெடுமங்காடு வந்ததும், வலியமலைக்குத் திரும்பி உன்னை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாமே என்றாள் பெரியம்மா. உனக்குப் பரீட்சை நேரம், வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். போனில் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகும். அதனால்தான் கடிதம்.

உன் சங்கடம் எனக்குப் புரிகிறது. சிலிக்கானில் வெட்டிய தடம், 100 மைக்ரோமீட்டர் அகலம், அதே ஆழம். மேலே கண்ணாடி மூடி. மூடியின் உட்புறம் ஐந்து பிளாட்டினம் உணரிகள். வழியே நைட்ரஜன் ஓடுகிறது. யாரும் எதையும் சூடாக்கவில்லை. ஆனாலும் வெளியேறும் முனையில் கால் டிகிரி அதிகமாகக் காட்டுகிறது. ஓட்டத்தைக் கூட்டினால் அந்தக் கால் டிகிரியும் மாறுகிறது. தியரியில் அப்படி ஒன்றும் வரவில்லை. கூடப் படிக்கிறவர்கள் கம்ப்யூட்டரில் சிமுலேஷன் செய்து பேப்பர் போட்டுவிட்டார்கள். நீயும் கைடிடம் சொல்லி அந்தப் பக்கம் மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய்.

மாறாதே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வெப்பமானிக்குத் தன் வெப்பநிலை மட்டுமே தெரியும். பக்கத்தில் இருக்கிற காற்றின் வெப்பநிலை அதற்குத் தெரியாது. காற்று, தாங்கியிருக்கிற கம்பி, எதிரே உள்ள சுவர், மேலே வெயில், உள்ளே ஓடுகிற மின்சாரம் எல்லாம் அதற்குச் சூடு கொடுக்கின்றன அல்லது அதிலிருந்து எடுக்கின்றன. கொடுக்கல் வாங்கல் சமமாகிற இடத்தில் அது நிற்கிறது. அந்த எண்ணைத்தான் நாம் படிக்கிறோம். அதிலிருந்து காற்றின் வெப்பநிலைக்குப் போகிற வழி நம் பொறுப்பு. வேலைக்காலம் முழுக்க அளவுக்கருவிகளோடு இருந்தவன் என்ற முறையில் உனக்கு நான் சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான். கீழே எழுதுவதெல்லாம் இதன் விரிவு.

இந்த மலையில் அது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. தங்கியிருக்கிற இடத்தின் தாழ்வாரத்துக்கு வெளியே ஒரு சின்ன டிஜிட்டல் வெப்பமானியின் முனையைத் தொங்கவிட்டிருக்கிறேன். மூடுபனி வந்து எதிர்மலையை மறைக்கும்போது 19 டிகிரி. பனி விலகி வெயில் விழுந்தால் சில நிமிடங்களில் 23. காற்று அத்தனை வேகமாகச் சூடாகவில்லை. அந்தக் கறுப்பு முனைதான் வெயிலைக் குடித்து நான்கு டிகிரி ஏறியது. கையால் மறைத்துக்கொண்டு விசிறினால் சட்டென்று இறங்குகிறது. வானிலை நிலையங்களில் வெப்பமானியை வெள்ளையடித்த இரட்டைச் சாய்பலகைப் பெட்டிக்குள் வைப்பது இதற்காகத்தான். அந்தப் பெட்டியை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கம் கட்டுகிற பொறியாளர். நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா. அவர் வெப்பமானியை மேம்படுத்தவில்லை. அதற்கு வேண்டாத இடத்திலிருந்து சூடு வருகிற வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தார், காற்று வருகிற வழியை மட்டும் திறந்துவைத்தார்.

உன் சிப்பில் அப்படி ஒரு பெட்டி வைக்க இடமில்லை. அதனால் அங்கே எல்லா வழியும் திறந்துதான் கிடக்கிறது. அவற்றை எண்ணிப் பார்ப்போம்.

முதல் சந்தேகம் உணரியின் மேலேயே. நீ அனுப்பிய மைக்ரோஸ்கோப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடியில் படிந்த பிளாட்டினம் கோடு, பொன்முடிச் சாலையின் 22 கொண்டை ஊசி வளைவுகள் போல மடங்கி மடங்கிப் போகிறது. இரண்டு முனையிலும் இரண்டிரண்டு பேட், அவற்றில் ஊன்றிய பாண்டிங் வயர். அழகான வேலை. நான்கு வயர் முறையில் அளப்பதால் வயரின் தடை கணக்கில் சேராது என்பதும் சரி. ஆனால் அதன் வழியே 1 மில்லியாம்பியர் விடுகிறாய். தடை சுமார் 100 ஓம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கு: 0.1 மில்லிவாட்.

இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். இப்போது வாயுவின் கணக்கைப் போடு. தடத்தின் குறுக்குப் பரப்பு 10⁻⁸ சதுர மீட்டர். வாயு வினாடிக்கு 10 மீட்டர் ஓடினால், அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ என்று எடுத்தால், வினாடிக்கு 0.12 மில்லிகிராம் போகிறது. அந்த வாயு முழுவதையும் ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வேண்டும்? ஏறக்குறைய 0.12 மில்லிவாட். அதாவது, ஒரே ஒரு உணரி தன்னை அளப்பதற்காகச் செலவிடுகிற சூடு, தடத்தில் ஓடுகிற மொத்த வாயுவையும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏற்றப் போதும். உன்னிடம் அப்படி ஐந்து இருக்கின்றன. அந்தச் சூட்டில் பெரும்பங்கு கண்ணாடிக்கும் அதன் வழியே சிலிக்கானுக்கும் போய்விடும். அதனால்தான் ஒரு டிகிரியோ ஐந்து டிகிரியோ காட்டாமல் கால் டிகிரி காட்டுகிறது என்று நினைக்கிறேன். ஓட்டத்தைக் கூட்டும்போது வாயு எடுத்துப்போகிற பங்கு மாறுவதால் அந்தக் கால் டிகிரியும் மாறும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. மின்னோட்டத்தை 0.1 மில்லியாம்பியராக இறக்கு. சூடு நூறில் ஒரு பங்காகிவிடும். சிக்னலும் இறங்கும்: டிகிரிக்கு அதிகபட்சம் 38 மைக்ரோவோல்ட்தான் கிடைக்கும். உன் லேபில் இருக்கிற மீட்டர் அதைத் தாராளமாகப் படிக்கும். மின்னோட்டத்தைத் திசை மாற்றி இரண்டு தடவை அளந்து சராசரி எடுத்தால் இணைப்புகளில் பிறக்கிற வெப்ப மின்னழுத்தமும் அடிபட்டுப்போகும். அதற்கு மேல் நான்கைந்து மின்னோட்டங்களில் தடையை அளந்து, மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு எதிராக கிராஃப் போடு. நேர்கோடு வர வேண்டும். அந்தக் கோடு மின்னோட்டம் பூஜ்யமாகிற இடத்தில் எங்கே வெட்டுகிறதோ அதுதான் உணரி தன்னைத் தானே சுடாதபோது இருக்கிற தடை. இந்த கிராஃபை எல்லா உணரிக்கும், ஓட்டம் இல்லாமலும் ஓட்டத்தோடும் போடாமல் வேறு எதையும் அளக்காதே.

இரண்டாவது வழி சுவர். சிலிக்கான் காற்றைவிட ஐயாயிரம் மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். கண்ணாடியே நாற்பது மடங்கு கடத்தும். தடத்துக்குள் நுழைகிற வாயு ஒரு மில்லிமீட்டர் போவதற்குள் சுவரின் வெப்பநிலைக்கு வந்துவிடும். அப்படியானால் உன் ஐந்து உணரிகளில் முதலாவதைத் தவிர மற்றவை, வாயுவைவிட அதிகமாகச் சிப்பைத்தான் அளக்கின்றன. ஓட்டத்தின் நெடுகே வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று பார்க்க நினைத்தால், சிலிக்கான் அந்த வித்தியாசத்தையெல்லாம் தன் வழியே கடத்திச் சமப்படுத்திவிடும். நுண்தட ஆய்வுகளில் ஒரு காலத்தில் தியரியோடு ஒத்துவராத வெப்ப எண்கள் நிறைய வெளிவந்தன. புது இயற்பியல் என்றுகூடச் சிலர் எழுதினார்கள். பிறகு சுவரின் வழியே நெடுகப் போகிற வெப்பத்தையும் அளவீட்டுப் பிழையையும் கணக்கில் சேர்த்தபோது அவற்றில் பல, பழைய இயற்பியலுக்கே திரும்பிவந்தன. சிப்பைப் புதிதாகச் செய்கிற வாய்ப்பு வந்தால் உணரிக்கு அடியில் கண்ணாடியைக் குடைந்து, மெல்லிய நைட்ரைடு படலத்தின் மேல் அதை நிறுத்து. வசதி உன் வளாகத்தில் இல்லையென்றால், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் ஐ.ஐ.டி. பம்பாயிலும் வெளி மாணவர்கள் கிளீன் ரூமைப் பயன்படுத்துவதற்கென்றே ஐ.என்.யூ.பி. என்ற திட்டம் 2008 முதல் இருக்கிறது. கைடிடம் கேள்.

சுவரின் வெப்பநிலையும் வாயுவின் வெப்பநிலையும் எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். உன் பக்கத்திலேயே திரவ இயக்க அமைப்பு மையம் இருப்பதால் நாளைக்கு உனக்கு இது உதவும். சின்னச் செயற்கைக்கோளைத் திருப்புவதற்குக் குளிர்வாயு உந்தி வைப்பார்கள்: அழுத்திய நைட்ரஜன் நுண்ணிய நாசில் வழியே பீறிடும். 27 டிகிரியில் இருக்கிற நைட்ரஜன், ஒலியின் இரு மடங்கு வேகம் வரை விரிந்தால் அதன் வெப்பநிலை மைனஸ் 106 டிகிரிக்கு இறங்கும். நாசில் சுவரில் நீ பதித்த உணரி என்ன காட்டும்? சுவரை ஒட்டி வாயு உராய்ந்து நிற்கிற இடத்தில் அதன் இயக்க ஆற்றல் திரும்ப வெப்பமாகிறது. சுவர் எந்தச் சூட்டையும் கடத்தாத நல்ல காப்புப்பொருளாக இருந்தால்கூடச் சுமார் 6 டிகிரிதான் காட்டும். நூற்றுப் பத்து டிகிரி வித்தியாசம்! உணரியில் ஒரு குறையும் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்கிறது. நாம் கேட்க நினைத்த கேள்வி அது இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, நீ இந்த வேலையில் இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதும் இதனால்தான்.

சாதாரண அழுத்தத்தில் காற்றின் ஒரு மூலக்கூறு அடுத்ததில் மோதுவதற்கு முன் சராசரியாக 68 நானோமீட்டர் போகிறது. இந்தப் பொன்முடி உயரத்தில், அழுத்தம் குறைவதால், 75 நானோமீட்டர் அளவு. உன் தடம் 100 மைக்ரோமீட்டர். அதற்கு முன்னால் இது ஒன்றுமில்லை. ஆனால் தடத்துக்குள் அழுத்தத்தை 10 மில்லிபாருக்கு இறக்கினால் அந்தத் தூரம் கிட்டத்தட்ட 7 மைக்ரோமீட்டர் ஆகிவிடும். தடத்தின் அளவோடு ஒப்பிட்டால் 0.07. இந்த விகிதத்துக்குத்தான் டென்மார்க்கின் மார்ட்டின் நுட்சன் பெயர். 0.001-இலிருந்து 0.1 வரை வழுக்கல் நிலை என்கிறோம். அங்கே சுவரை ஒட்டிய வாயு சுவரோடு நிற்பதில்லை, வழுக்கிப் போகும். அதைவிட முக்கியம், அதன் வெப்பநிலையும் சுவரின் வெப்பநிலையும் ஒன்றாக இருப்பதில்லை. நடுவில் ஒரு தாவல். கீழ்ச்சுவர் 30 டிகிரி, மேல்சுவர் 20 டிகிரி, இடைவெளி 100 மைக்ரோமீட்டர், அழுத்தம் 10 மில்லிபார் என்றால், ஒவ்வொரு சுவரிலும் தாவல் சுமார் 0.9 டிகிரி வரும்.

மரியான் ஸ்மோலுச்சோவ்ஸ்கி 1898-இல் இந்தத் தாவலைக் காட்டினார். எப்படித் தெரியுமா? ஐதான வாயு நிரப்பிய கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு வெப்பமானியை வைத்து, அது எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்று பார்த்தார். வாயுவின் வெப்பநிலையை நேரடியாக அளக்க அவர் முயலவில்லை. வெப்பமானி தன் சூட்டை எப்படி இழக்கிறது என்பதிலிருந்து சுவரோரம் நடப்பதைக் கண்டுபிடித்தார். உன்னிடம் இருப்பதும் அதே சோதனைதான், குப்பி மட்டும் சிறியது.

நீ இருக்கிற வட்டாரத்துக்கும் இதில் பழைய சொந்தம் உண்டு. தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் போனது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு 70-களிலும் 80-களிலும் சோவியத் எம்-100 ராக்கெட்டுகள் வாரம் ஒன்றாக அங்கிருந்து போய்க்கொண்டிருந்தன. மேல்வளிமண்டலத்தின் வெப்பநிலையை அளப்பது அவற்றின் வேலைகளில் ஒன்று. கருவி, மிக மெல்லிய உலோகக் கம்பி. அதன் மின்தடைதான் வெப்பமானி. 50 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மூலக்கூறின் மோதல் தூரம் சுமார் 80 மைக்ரோமீட்டர். 70 கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர். கம்பியின் தடிமனைவிட அது பல மடங்கு. கம்பியைத் தொடுகிற காற்று குறைந்துகொண்டே போகும். வெயிலின் சூடும், வேகத்தால் வருகிற சூடும், தாங்கியின் வழியே வருகிற சூடும் அந்த அளவுக்குக் குறையாது. மேலே போகப் போக ரீடிங்கைவிடத் திருத்தக் கணக்குதான் பெரிதாகும். அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர்களால்தான் நம் தலைக்கு மேலே உள்ள வானத்தின் வெப்பநிலை தெரியவந்தது. வலியமலையில் உன் மேஜை மேல் இருக்கிற சிப்பில் நடப்பதும், தும்பாவுக்கு மேலே 50 கிலோமீட்டரில் நடந்ததும் ஒரே இயற்பியல்.

இனி சிமுலேஷன். கெட்ட வேலை என்று நான் சொல்லவே மாட்டேன். 1960-களில் ஆஸ்திரேலியர் கிரேம் பேர்ட் தொடங்கிய முறை, மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக மோதவிட்டுக் கணக்கிடுவது, இந்தத் துறையையே மாற்றியது. ஆனால் அந்த நிரலை ஓட்டுவதற்கு முன் ஒரு எண்ணைக் கொடுக்க வேண்டும்: சுவரில் மோதுகிற மூலக்கூறு சுவரின் வெப்பநிலையை எவ்வளவு ஏற்றுக்கொண்டு திரும்புகிறது? பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் அது இருக்கும். உன் நண்பர்கள் ஒன்று என்று வைத்திருப்பார்கள், கேட்டுப் பார். மிகச் சுத்தமான டங்ஸ்டன் மேல் ஹீலியத்துக்கு அது 0.02 அளவுக்கு இறங்கும். அதே உலோகத்தில் சாதாரணமாகப் படிகிற வாயுப் படலம் ஒட்டியிருந்தால் பல மடங்கு கூடும். அந்த நிரல் இதைத் தானாகச் சொல்லாது. உன்னுடையதைப் போல ஒரு சிப்பில், உன்னுடையதைப் போல ஒரு உணரியோடு, யாராவது உட்கார்ந்து அளந்தால்தான் உண்டு.

இன்னொன்றும் யோசித்துப் பார். 1994-இலேயே அமெரிக்காவில் சி-மிங் ஹோ, யூ-சோங் டாய் குழுவினர் 1.2 மைக்ரோமீட்டர் உயரமுள்ள தடத்தின் நெடுகே அழுத்த உணரிகளைச் சேர்த்தே செதுக்கி, வாயுவின் அழுத்தம் நேர்கோட்டில் இறங்கவில்லை என்று அளந்து காட்டிவிட்டார்கள். வாயுவின் அழுத்தம் சுவரில் அப்படியே விழுகிறது. சுவரில் அளந்தால் போதும். வெப்பநிலைக்கு அந்த வசதி இல்லை என்பதை மேலே பார்த்தோம். அதனால் இந்த வேலை இன்னும் பாக்கி கிடக்கிறது. நம் நாட்டில் ஐ.ஐ.டி. பம்பாயின் அமித் அகர்வால் நுண்தடங்களில் ஐதான வாயு ஓட்டத்தைச் சோதனையும் தியரியுமாகச் சேர்த்தே செய்கிறவர். 2018-இல் பட்நாகர் விருது பெற்றவர். அவருடைய கட்டுரைகளைத் தேடிப் படி. சோதனையும் கணக்கும் ஒரே கையில் இருந்தால் என்ன கிடைக்கும் என்று தெரியும்.

இப்போது நீ செய்ய வேண்டியது. காலிபரேஷனைக் கண்ணாடி மூடியை ஒட்டிய பிறகு செய்திருக்கிறாயா, முன்னாலா? உன் மெயிலில் அது இல்லை. சிலிக்கானையும் கண்ணாடியையும் மின்னழுத்தம் கொடுத்து ஒட்டும்போது 350, 400 டிகிரி வரை போகிறது. அந்தச் சூட்டில் பிளாட்டினம் படலத்தின் தடையே மாறிவிடும். முன்னால் செய்த காலிபரேஷன் அதற்குப் பிறகு செல்லாது. புத்தகத்தில் போட்டிருக்கிற 0.00385 என்ற எண்ணையும் நம்பாதே. மெல்லிய படலத்தில் அது குறைவாகவே வரும், எவ்வளவு குறைவு என்பது உன் படலத்தைப் பொறுத்தது. முழுச் சிப்பையும், வயர் பாண்டிங் எல்லாம் முடிந்த பிறகு, ஓட்டம் இல்லாமல், கலக்கிக்கொண்டே இருக்கிற வெப்பத் தொட்டியில் வைத்து, பக்கத்தில் ஒரு நம்பகமான பி.டி.-100 வைத்து அள.

பிறகு ஓட்டத்தைத் திருப்பு. வெளியேறும் முனையில் அதிகமாகக் காட்டிய அதே உணரி, உள்ளே நுழைகிற முனையாக ஆனதும் என்ன சொல்கிறது? அப்போதும் கால் டிகிரி அதிகம் என்றால் குறை உணரியில். அதிகம் எதிர்முனைக்குப் போய்விட்டால் அது ஓட்டத்தின் வேலை. அடுத்து, தடத்தில் உள்ள வாயுவை முழுக்க வெளியே இழுத்துவிட்டு ஒரு நாள் அள. அப்போது வருவதெல்லாம் சிலிக்கானும் கண்ணாடியும் பேசுவது. வாயு இருக்கும்போது வருவதிலிருந்து அதைக் கழித்தால்தான் வாயுவின் பங்கு தெரியும். கடைசியாக வாயுவை மாற்று. ஒரே அழுத்தத்தில் ஹீலியத்தின் மோதல் தூரம் நைட்ரஜனைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. தாவல் உண்மையாக இருந்தால் அது வாயுவுக்குத் தக்கபடி மாற வேண்டும். மாறாமல் அப்படியே நின்றால் நீ அளப்பது தாவலை அல்ல.

இதற்கெல்லாம் நாளாகும். அந்த நாட்களில் உன் நண்பர்கள் இன்னொரு பேப்பர் போடுவார்கள். போடட்டும் மக்களே. நீ மூன்று மாதம் வீணாகிவிட்டது என்று எழுதியிருந்ததுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. ஓட்டம் கூடும்போது கால் டிகிரி மாறுகிறது என்று கவனித்து, அதை மறைக்காமல் கிராஃபில் காட்டி, ஏன் என்று கேட்டிருக்கிறாயே, அளவீட்டு வேலையில் நல்லவர்களுக்கு முதலில் வருகிற குணம் அது. ஒத்துவராத புள்ளியை அழித்துவிட்டு மேலே போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீ அழிக்கவில்லை.

கைடிடம் போகும்போது தியரி தப்பா, நான் தப்பா என்று கேட்காதே. மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு எதிரான அந்த கிராஃபையும், ஓட்டத்தைத் திருப்பி எடுத்த ரீடிங்கையும் மேஜையில் வைத்துவிட்டுப் பேசு. அவரும் மகிழ்ச்சியோடு உட்கார்ந்து பார்ப்பார்.

ஓணம் லீவுக்கு ஊருக்கு வரும்போது லேப் நோட்டைக் கட்டாயம் எடுத்துவா. சுத்தமாக எழுதிய பிரதி வேண்டாம், அடித்தல் திருத்தலோடு இருக்கிற அசல் நோட்டு. உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
பெரியப்பா